கையெழுத்துப் போடாத ஃபாரம்

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி யாரும் நன்கொடை கேட்பதில்லை. லிங்கராஜபுரத்தில் நான் குடியிருக்கும் சந்தில் பதினான்கு வீடுகள். ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் பதின்மூன்றாவது வீட்டோடு திரும்பிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேரல் பாடி வருகிற கூட்டம்கூட என் வாசலில் அரைப்பாட்டு பாடிவிட்டு நகர்ந்துவிடும். நான்தான் அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

நான் பைப் வேலை செய்தவன். ஐந்தாவது வரை படித்தேன். நாற்பது வருஷம் ஊரான் வீட்டுக் குளியலறைக்கும் கக்கூஸுக்கும் குழாய் போட்டேன். ஹெண்ணூர் ரோட்டில் ஒரு காண்ட்ராக்டர் என் எட்டு மாதக் கூலியை விழுங்கிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். சீட்டு பிடித்த அம்மாள் ஒருத்தி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் மாதாமாதம் பணம் வாங்குவாள். அவளும் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். எங்கள் சபையில் ஜெனரேட்டர் வாங்க வசூல் செய்தார்கள். ஜெனரேட்டர் வந்தது. பழையது, பெயின்ட் மட்டும் புதிது. அதற்குப் பிறகு எவன் கை நீட்டினாலும் அந்தக் கையைத் திருப்பிப் பார்க்கிறவன் ஆனேன்.

2016 ஜூன் மாதம் அன்னா மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். சபைக் காம்பவுண்டுக்குப் பின்பக்கம் ஷீட் போட்ட இரண்டு அறைகளில் அவர் ஒரு கம்யூனிட்டி காலேஜ் நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தோற்றவர்கள், பாதியில் நின்றவர்கள், பிள்ளை பெற்றுவிட்டு வீட்டில் இருப்பவர்கள், யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டு ஒரு வருஷத்தில் ஒரு தொழில் சொல்லிக்கொடுப்பார்கள். என் ஒரே மகள் நோராவுக்கு அப்போது பதினேழு வயது. பத்தாவதில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தோற்றுவிட்டு வீட்டில் இருந்தாள். நர்சிங் அசிஸ்டென்ட் படிக்க ஆசைப்பட்டாள். பதினெட்டு ஆகாததால் ஃபாரத்தில் அப்பனோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டில் நான் வேண்டாம் என்றதில் என் மனைவி குளோரியா கையெழுத்துப் போட மாட்டாள்.

"ஃபீஸ் எவ்ளோ?" என்று கேட்டேன்.

"வருஷத்துக்கு ரெண்டாயிரம்ணா. மீதிச் செலவெல்லாம் டொனேஷன்ல நடக்குது."

"யாரு குடுக்கறாங்க டொனேஷன்?"

"வெளிநாட்டுல ஒரு டிரஸ்ட் குடுக்குது. இங்கயும் நல்ல மனசுக்காரங்க குடுக்கறாங்க."

"எதுக்குக் குடுக்கறாங்க?"

அன்னா மிஸ்ஸுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "புள்ளைங்க படிக்கத்தான்" என்றார்.

"என் புள்ள படிச்சா அவனுக்கு இன்னா லாபம்? போட்டோ புடிச்சு அனுப்புவீங்க. ஏழைப் பொண்ணு, குடிகார அப்பன்னு கீழ எழுதுவீங்க."

"நீங்க குடிக்க மாட்டீங்களேண்ணா."

"எழுதறவனுக்கு அது தெரியுமா?"

அந்த அம்மாள் மூன்று முறை வந்தார். கடைசி முறை, சர்டிபிகேட்டில் கவர்மென்ட் சீல் இருக்குமா என்று கேட்டேன். யுனிவர்சிட்டிக்கு எழுதியிருக்கிறோம், அடுத்த வருஷம் வந்துவிடும் என்றார். "வந்த பிறகு வாங்க" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டேன். நோரா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் போட்டிருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன். போட்டிருக்க மாட்டேன்.

ஜூலையில் கார்மென்ட் ஃபேக்டரியில் சேர்ந்தாள். தன் சம்பளத்தில் சிவாஜி நகரில் பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கினாள். காலால் மிதிக்கிறது, மர மேஜையும் பூட்டுப் போட்ட டிராயரும் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். பதினெட்டு ஆன பிறகும் காலேஜ் பேச்சை எடுக்கவில்லை. ஆறு வருஷம் அப்படிப் போனது.

2022 அக்டோபரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அனலாகக் கொதித்தது. நான்காம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. "விட்டுடுச்சு டாடி, இன்னைக்கும் போகலன்னா அட்டெண்டன்ஸ் காசு போயிடும்" என்றாள். போ என்றேன். சாயங்காலம் கம்பெனி வண்டியிலேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். டெங்கு. இருபத்து மூன்று வயது. "காய்ச்சல் விட்டதும் ஏன் வேலைக்கு அனுப்புனீங்க?" என்று டாக்டர் கேட்டார். காய்ச்சல் விட்டால் குணம் என்றுதான் எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, குளோரியா வீட்டில் இல்லாத நேரம் அந்த டிராயரைத் திறந்தேன். பாபின், நூல்கண்டு, இன்ச் டேப். அடியில் நான்காக மடித்த ஒரு தாள். அந்தக் காலேஜ் ஃபாரம். எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பியிருந்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பென்சிலால் என் கையெழுத்தைப் போட்டுப் பார்த்து அழித்திருந்தாள். நான் 'தியோடர்' என்று எழுதினால் கடைசி எழுத்து எப்போதும் கீழே சரியும். அதையும் அப்படியே சரித்திருந்தாள். தாளைச் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரியும். போட்டுக் கொடுத்திருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்காது. அவள் போடவில்லை. ஆறு வருஷம் அந்தத் தாளை நூல்கண்டுக்கு அடியில் வைத்திருந்தாள்.

தாளைத் திரும்ப அதே இடத்தில் வைத்துப் பூட்டி, சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். குளோரியா இதைப் பார்க்கக்கூடாது. வேறு எவனும் பார்க்கக்கூடாது. கிழித்துப் போட்டிருக்கலாமே என்றால், அதற்கும் கை வரவில்லை.

போன வருஷம் அந்தக் காலேஜுக்குக் கஷ்டகாலம் வந்தது. வெளிநாட்டு டிரஸ்ட் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. இரண்டு டீச்சருக்குச் சம்பளம் பாக்கி. உள்ளே இருக்கிற இருபத்தாறு பேர் ஏப்ரலில் பரீட்சை எழுதும்வரை ஓட்ட வேண்டும், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூடிவிட வேண்டியதுதான் என்று சபையில் சொன்னார்கள். அன்னா மிஸ் ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் சந்துக்கு வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாவது வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டை நிமிர்ந்தும் பார்க்காமல் திரும்பிப் போனார். கேட்டால் கொடுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் போனது உறுத்தியது.

நவம்பரில் அறுப்பின் பண்டிகை, அவரவர் கொண்டுவரும் காணிக்கைப் பொருளைச் சபையில் ஏலம் விடுவார்கள். அன்றைய ஏலப் பணம் முழுக்கக் காலேஜுக்கு என்று கமிட்டி முடிவு செய்தது. ஆராதனை முடிந்து நான் ஷாமியானாவுக்குள் வந்தபோது, பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் நோராவின் மெஷின் நின்றுகொண்டிருந்தது.

பெண்கள் பக்கம் போய்க் குளோரியாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"யாரக் கேட்டுக் கொண்டாந்த?"

"உங்களக் கேட்டா விடுவீங்களா? காலையில நீங்க குளிக்கப் போனப்ப வண்டி வச்சு ஏத்தினேன்." அவள் முகத்தைத் திருப்பவில்லை. "காலேஜ மூடப் போறாங்களாம். அவ பேர்ல ஒண்ணாவது வைக்கணும்னு இருந்துச்சு. எங்க போயிடும் நோரா டாடி? சுத்திச் சுத்தி நம்ம வீட்டுக்குத்தான் வரும்."

அவள் சொன்னது தப்பில்லை. எங்கள் சபை ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஒரு பொருளை எடுத்தால் பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப விடுங்க" என்று பொருளை மேஜைக்கே கொடுத்துவிடுவான். மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் ஆறு பேர் கை மாறி, கடைசியில் கொண்டுவந்தவரே சில்லறை விலைக்கு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாம்பார் வைப்பார். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. டிராயரின் சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் போய்த் திறந்து ஒரு தாளை எடுத்தால் ஆயிரம் கேள்வி வரும், குளோரியாவே கேட்பாள். ஏலத்தில் எடுத்துவிடுவதே நல்லது. பாங்கை நம்பாதவன் என்பதால் என் உள்பனியனில் எப்போதும் எட்டாயிரம் இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஓஸ்வால்ட் மைக்கைப் பிடித்திருந்தான். கமிட்டி செக்ரெட்டரி அவன். ஜெனரேட்டர் வாங்கியதும் அவன்தான்.

"முட்டை ஒரு டஜன். சாதாரண முட்டையில்ல, லெந்து நாப்பது நாளும் உபவாசம் இருந்த கோழி போட்டது. நூறு ரூபா, யாரு?"

"உபவாசம் இருந்தா எப்படி அங்கிள் முட்டை போடும்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"விசுவாசத்துல போடும்மா. நூத்தம்பது."

முட்டை நான்கு முறை சுற்றி எழுநூறு ரூபாய் கொண்டுவந்தது. அடுத்து மெஷின்.

"நம்ம நோரா தச்ச மெஷின்" என்றான் ஓஸ்வால்ட். குரலைத் தாழ்த்திக்கொண்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. "ஐந்நூறுல ஆரம்பிக்கிறேன்."

நான் கை தூக்கினேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பிரதர் தியோடர் கை தூக்கறாரு. ஆயர் ஐயா, எழுதி வச்சுக்குங்க, சபையில அற்புதம் நடந்திருக்கு."

சிரித்தார்கள். பின்னால் செருப்பு விடுகிற இடத்திலிருந்து ஒரு குரல் ஆயிரம் என்றது. திரும்பினேன். முப்பது வயதிருக்கும், சபையில் பார்த்த முகமில்லை. நெற்றியில் திருநீறு. ஆயிரத்தைந்நூறு என்றேன். அவன் இரண்டாயிரம் என்றான். இப்படியே ஏறியது. நான் ஒரு தொகை சொன்னால் ஓஸ்வால்ட் உடனே அந்த ஆளைப் பார்க்கிறான். அவன் தலையாட்டுகிறான். மற்ற எவனும் வாய் திறக்கவில்லை. எங்களுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

நாலாயிரத்தைந்நூறில் எனக்கு வெளிச்சமானது. பழைய சாமான் ஏலத்தில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முகம் தெரியாத ஒருவனைக் கடைசியில் நிறுத்திவைத்து விலையை ஏற்றுவார்கள். மகளுடைய பொருள், கிழவன் எப்படியும் விடமாட்டான், பனியனில் இருப்பதைக் கறந்துவிடலாம் என்று ஓஸ்வால்ட் ஆள் வைத்திருக்கிறான். அந்த ஆள் ஐயாயிரம் என்றான்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவன் தலையிலேயே கட்டட்டும். கட்ட வழியில்லாமல் விழிக்கட்டும். அப்படியே கட்டினாலும் திரும்ப விட்டுத்தானே ஆகவேண்டும், அப்போது ஐந்நூறுக்கு எடுக்கிறேன்.

"ஐயாயிரம் ஒரு தரம்." ஓஸ்வால்ட் என்னைப் பார்த்தான். "பிரதர்? ரெண்டு தரம்." மறுபடி பார்த்தான். பெண்கள் பக்கமிருந்து குளோரியாவும் பார்த்தாள். நான் ஷாமியானாத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மூணு தரம்."

அந்த ஆள் வந்து புத்தம்புது நோட்டாகப் பணத்தைக் கட்டினான். ரசீது வாங்கிக்கொண்டான். "திரும்ப விடுங்க" என்று சொல்வான் என்று சபையே காத்திருந்தது. அவன் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பலகையைத் தட்டினான்.

நான் நேராக ஓஸ்வால்டிடம் போனேன்.

"எவ்ளோ குடுத்து ஆள் நிறுத்தின?"

"யாருயா?"

"அவன்தான். நீ பாக்கற, அவன் தலையாட்டறான். நான் இன்னா குருடனா?"

"தியோடரு, அந்தாளு அன்னா மிஸ் ஸ்டூடண்ட்டோட புருஷன். நம்ம சபை முறை அவருக்குத் தெரியாது. நீ கேளு, நான் அவருக்குச் சொல்லிப் புரிய வைக்கிறேன்."

"நீ ஒண்ணும் புரிய வைக்காத. இந்தப் பணம் காலேஜுக்குத்தான் போகும்னு இன்னா கேரண்டி? மொதல்ல அதச் சொல்லு. ஜெனரேட்டர் கதையா?"

"இருவத்தஞ்சு வருஷமா அதே ஜெனரேட்டரப் புடிச்சுத் தொங்கறியே. ஆயிது, முடிஞ்சு போச்சு விடு."

விடவில்லை. ஆயர் வந்து விலக்கினார். எல்லாம் பத்து நிமிஷம் இருக்கும். திரும்பிப் பார்த்தபோது மெஷின் நின்ற இடத்தில் நான்கு கால் தடம்தான் இருந்தது. லக்கேஜ் ஆட்டோ காம்பவுண்டைத் தாண்டிப் போய்விட்டது. குளோரியா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவரு திரும்பக் குடுப்பாருன்னு நெனச்சேன்" என்றாள். "நீங்க ஏன் நிறுத்துனீங்க? கையில காசு இல்லயா?"

"இருந்துச்சு" என்றேன்.

மறுநாள் காலை அன்னா மிஸ்ஸிடம் போய் விலாசம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"சண்டை போடப் போறீங்களாண்ணா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு ஈஜிபுராலருந்து ரெண்டு பஸ் மாறி வருது. மகான்னு பேரு. படிப்பை நிறுத்தற மாதிரி எதுவும் பேசிடாதீங்க." எழுதிக் கொடுத்தார்.

நானும் இரண்டு பஸ் மாறித்தான் போனேன். சிவாஜி நகரில் ஏறி, ஈஜிபுரா சிக்னலில் இறங்கும்போது முட்டி கழன்றுவிடும்போல் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்தக் காலேஜ் ஐந்து நிமிஷ நடை.

சந்துக்குள் சந்து, மூன்றாவது மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. அந்த ஆளே கதவைத் திறந்தான். ராஜேஷ்குமார் என்று பெயர், கிருஷ்ணகிரிப் பக்கம், ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்திக்கொண்டான்.

"மெஷின் வேணும்" என்றேன். "எட்டாயிரம் தரேன்."

"நேத்து ஐயாயிரத்துக்கு விட்டுட்டு, இன்னைக்கு எட்டாயிரமா?"

"ஆமா."

"ஏன் பெரியவரே? உள்ள ஏதாச்சும் இருக்கா?"

"உள்ள இன்னா இருக்கும்?"

"பழைய மெஷின்ல சிவப்புப் பாதரசம் இருக்கும், லட்சக்கணக்குல போகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. எங்க ஊர்லயே ஒருத்தன் இப்படித்தான் ஏமாந்தான். ரெண்டாயிரத்துக்கு வித்தான், வாங்கினவன் கார்ல வந்து எடுத்துட்டுப் போனான்."

"அதெல்லாம் புளுகு."

"புளுகுன்னா நீங்க ஏன் ரெண்டு பஸ்ஸு ஏறி வர்றீங்க?"

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"சரி, மெஷின் வேணா. டிராயர்ல ஒரு காகிதம் இருக்கு. அத மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன்." அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தேன். சாவியைப் பார்த்ததும் அவன் சந்தேகம் இன்னும் கூடியது.

"என் முன்னாடி தொறங்க. என்ன எடுக்கறீங்கன்னு நான் பாக்கணும்."

உள்ளே மெஷின் சுவரோரமாக இருந்தது. அதன்மேல் நோட்டுப் புத்தகங்கள். கீழே பாயில் நான்கு வயதுப் பையன் ஒருவன் படுத்திருந்தான். அவன் பக்கத்தில் ஒல்லியான பெண், மகா, டம்ளரும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். டிராயரைத் திறந்து தாளை எடுத்து மடியில் செருகப் போனேன்.

"காட்டுங்க" என்றான் ராஜேஷ்குமார். "சொத்துப் பத்திரமா இருந்தா எனக்குத்தான் வம்பு."

கொடுத்தேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினான். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது எங்க காலேஜ் ஃபாரம். நானும் இதான் ஃபில் பண்ணேன்." விரலை வைத்துப் படித்தாள். "நோரா. நர்சிங் அசிஸ்டென்ட். என் கோர்ஸ்தான். நோரா யாரு தாத்தா?"

"எம்மக. மெஷின் அவளுது."

"இப்ப எங்க இருக்காங்க?"

"இல்ல. செத்துட்டா."

ராஜேஷ்குமார் கதவோரமாக நகர்ந்துகொண்டான். மகா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலேஜ்ல சேந்தாங்களா?"

"இல்ல."

"எல்லாம் எழுதியிருக்காங்களே, ஏன் சேரல?"

அதுவரை அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. "நான் கையெழுத்துப் போடல" என்றேன்.

பையன் புரண்டு படுத்தான். ஏதாவது பேச வேண்டுமே என்று, "காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"மூணு நாளா இருந்துச்சு. காலையில விட்டுடுச்சு."

"விட்டுடுச்சுன்னா சரியாயிடுச்சு."

"இல்ல தாத்தா" என்றாள் மகா. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "டெங்குவா இருந்தா விட்ட பிறகுதான் ஆபத்து. ரெண்டு நாள் கண்ணு வச்சுப் பாக்கணும். கை கால் சில்லுனு ஆவுதா, வயிறு வலிக்குதா, ஒண்ணுக்குப் போறானா எல்லாம் பாக்கணும். தண்ணி குடுத்துட்டே இருக்கணும். ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். இவரு ஸ்கூலுக்கு அனுப்புன்னாரு, நான் விடல."

"இத யாரு சொன்னது?"

"அன்னா மிஸ். கிளாஸ்ல."

"எப்ப?"

"ரெண்டாவது மாசப் பாடம் தாத்தா."

நான் மெஷினைப் பிடித்துக்கொண்டேன். மிதி பலகை தானாக ஒரு தடவை ஆடியது. ராஜேஷ்குமார் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். "மெஷின எடுத்துட்டுப் போங்கய்யா, காசும் வேணா. எனக்குத் தெரியாது. அங்க திருப்பித் தரணும்னும் தெரியாது" என்றான். மகாவின் கை நோட்டுப் புத்தகங்களின் மேல் இருந்தது. சாயங்காலம் புடவைக்கு ஓரம் அடித்துக் கொடுத்தால் பஸ் காசு வரும் என்று வாங்கச் சொன்னாளாம்.

"வேணா" என்றேன். சாவியை டிராயரிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

வீட்டில் குளோரியா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தாளை அவள் முறத்தின் மேல் வைத்தேன். எங்கிருந்தது, எத்தனை நாளாக எனக்குத் தெரியும், எல்லாம் சொன்னேன். ரெண்டாவது மாதப் பாடம் என்பதையும் சொன்னேன். அவள் தாளைச் சாய்த்துப் பிடித்து அந்தத் தடத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பைபிளுக்குள் வைத்துவிட்டு வந்து அரிசியைப் பொறுக்கினாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

நான் அன்னா மிஸ்ஸிடம் போய் ஒரு ரசீதுப் புத்தகம் கேட்டேன்.

"எதுக்குண்ணா?"

"வசூலுக்கு."

"யாரு போறது?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. நூறு தாள் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, கீழே பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் நான் போட வேண்டும் என்று காட்டினார்.

தெருத்தெருவாகப் போனேன். பழைய வாடிக்கை வீடுகள், நான் குழாய் மாட்டிய வீடுகள். பானஸ்வாடியில் ஒரு அம்மாள், "தியோடர் அங்கிளா? வசூல்காரங்க வந்தா வீட்ல இல்லன்னு சொல்லுன்னு கத்துக்குடுத்ததே நீங்கதானே" என்றாள். ஒருவன், "பத்து ரூபா தரேன், ரசீதுக்கு அஞ்சு ரூபா ஆகுமே, கட்டுப்படியாகுமா?" என்றான். ஒருவர் கதவே திறக்கவில்லை, உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது.

ஓஸ்வால்ட் வீட்டுக்குக் கடைசியில் போனேன். அவன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினான்.

"சீல் இருக்கா? இருக்கு. சரி, இந்தப் பணம் காலேஜுக்குத்தான் போகும்னு இன்னா கேரண்டி பிரதர்?"

"கேரண்டி ஒண்ணும் இல்ல ஓஸ்வால்ட்டு. குடு."

அவன் எழுந்தான். உள்ளே போய் ஐயாயிரம் கொண்டுவந்தான். "மெஷின் விலை" என்றான். "அன்னைக்கு நான் உன்னப் பாத்துப் பாத்துத்தான் தரம் சொன்னேன்யா. நீ மேல பாத்துட்டு இருந்த."

ரசீது எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்து கீழே சரிந்தது.

இருபத்தாறு பேரும் ஏப்ரலில் பரீட்சை எழுதினார்கள். மகா பாஸ். ஒரு வயதான பாட்டியைப் பார்த்துக்கொள்ள மல்லேஸ்வரத்தில் வேலைக்குப் போகிறாள். அந்தப் பையனுக்கு அன்று டெங்குதான் என்று ரிசல்ட் வந்ததாம். ஓடியாடுகிறான். அடுத்த வருஷத்துக்குப் பணம் சேரவில்லை. சேராது என்று எனக்கு முன்னமே தெரியும். மே மாதம் அந்த இரண்டு அறைகளையும் பூட்டினார்கள். இப்போது அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அன்னா மிஸ் தங்கை வீட்டுக்கு வேலூர் போய்விட்டார்.

பூட்டிய அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குளோரியா பைபிளிலிருந்து ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். ரசீதுப் புத்தகத்தோடு சுற்றிய அதே பேனாவையும் வைத்தாள்.

"போடுங்க" என்றாள்.

"காலேஜே மூடியாச்சு. இனிமே எதுக்கு?"

"நூறு பேருக்குப் போட்டீங்களே. அவளுக்கும் ஒண்ணு போடுங்க நோரா டாடி."

பேனாவைத் திறந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த இடம் லேசாகப் பளபளத்தது. என் பெயர் அங்கே ஏற்கனவே இருந்தது, அவள் கையால், அழித்தபடி. அதன்மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பேனாவை மூடிக் குளோரியாவிடம் கொடுத்தேன். அவள் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டாள்.